இல்லாத வாழ்வின் விலைப்பட்டியல்

1931-ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் காலத்தில் அமெரிக்காவில் ‘அப்பேரல் ஆர்ட்ஸ்’ என்றொரு இதழ் வெளிவந்தது. பெரிய அளவு, கனத்த தாள், விலை ஒன்றரை டாலர். பொதுமக்கள் வாங்கிப் படிப்பதற்காக அதை அச்சிடவில்லை. ஆண்களுக்கான துணிக்கடை நடத்துபவர்களும் தையல்காரர்களும் அடுத்த பருவத்துக்கு எதைக் கொள்முதல் செய்யலாம் என்று தெரிந்துகொள்வதற்கான தொழில் இதழ் அது. ஒரு பக்கத்தில் வண்ண ஓவியம் இருக்கும்: குதிரைப் பந்தயத் திடலிலோ படகுத்துறையிலோ சாவகாசமாக நிற்கும் ஆண்கள். அவர்கள் போட்டிருக்கும் கோட்டின் துணியிலிருந்தே வெட்டியெடுத்த மாதிரித் துண்டுகளை இதழுக்குள்ளேயே ஒட்டியிருப்பார்கள். கண்ணால் பார்த்ததை விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளலாம். கம்பளியின் சொரசொரப்பு, பருத்தியின் வழவழப்பு, நெசவின் நெருக்கம் எல்லாம் கைக்குத் தெரியும்.

கடைக்காரர் இதை மேசைமேல் வைத்து வாடிக்கையாளருக்குக் காட்டினார். வாடிக்கையாளருக்கோ துணியைவிட இதழின் மேல் ஆசை வந்துவிட்டது. சிகாகோவில் இதை நடத்திக்கொண்டிருந்த டேவிட் ஸ்மார்ட், வில்லியம் வைன்ட்ராப், ஆசிரியர் ஆர்னால்ட் கிங்ரிச் ஆகிய மூவரும் இந்த ஆசையைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். 1933 இலையுதிர்காலத்தில் ‘எஸ்கொயர்’ பிறந்தது. முதல் இதழின் ஒரு இலட்சத்துச் சொச்சம் பிரதிகளில் பெரும்பகுதியைத் துணிக்கடைகளுக்கே அனுப்பினார்கள். பத்திரிகைக் கடைகளுக்குப் போனது சில ஆயிரம்தான். அவை சில மணி நேரத்தில் தீர்ந்துபோக, துணிக்கடைகளுக்குப் போன கட்டுகளைத் திரும்ப வாங்கிப் பத்திரிகைக் கடைகளுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

இந்தப் பிறப்புக் கதையில் கவனிக்க வேண்டியது ஆண்டு. 1933 அமெரிக்கப் பெருமந்தத்தின் அடிமட்டம். உழைக்கத் தயாராக இருந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. நாட்டின் முன்னணி வார இதழான ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ 5 சென்ட்டுக்குக் கிடைத்தது. எஸ்கொயரின் விலை 50 சென்ட். பத்து மடங்கு கொடுத்து அதை வாங்கியவர்களில் எத்தனை பேர் பெர்முடாவில் குளிர்காலத்தைக் கழித்திருப்பார்கள்? எத்தனை பேருக்கு இரவு விருந்துக்கென்று தனிக் கோட்டு இருந்திருக்கும்?

இன்று அந்தப் பழைய இதழ்களைத் தேடிப்பிடித்துச் சேகரிப்பவர்கள், ‘எப்படியெல்லாம் வாழ்ந்திருக்கிறார்கள்’ என்று பெருமூச்சு விடுகிறார்கள். அப்படி வாழ்ந்தவர்கள் மிகச் சிலர். இதழை வாங்கிய இலட்சக்கணக்கானவர்கள் அன்றைக்கே நம்மைப் போலத்தான் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். காலம் போனதால் நாம் எதையோ இழந்துவிட்டதாக நினைக்கிறோம். அந்த இழப்புணர்வையே சரக்காக்கி அன்றைக்கே மாதாமாதம் விற்றிருக்கிறார்கள்.

ஓவியங்களைப் பார்த்தாலே இது விளங்கும். லாரன்ஸ் ஃபெலோஸ், லெஸ்லி சால்பர்க் போன்றவர்கள் வரைந்த ஆண்கள் நெடுநெடுவென்று வளர்ந்தவர்கள். சிறிய தலை, நீண்ட கால்கள், உட்கார்ந்தாலும் மடிப்புக் கலையாத கால்சட்டை. முகத்தில் யாரையும் எதற்காகவும் காத்திருக்காத ஒரு அலட்சியம். ஆனால் துணியை மட்டும் அணுஅணுவாக வரைந்திருப்பார்கள். எந்தக் கோட்டுக்கு எத்தனை பொத்தான், கழுத்துப்பட்டையின் கோடு எந்தப் பக்கம் சாய்கிறது, கால்சட்டையின் அடிமடிப்பு காலணியை எங்கே தொடுகிறது என்பதெல்லாம் தையல்காரர் பார்த்து வெட்டுகிற அளவுக்குத் துல்லியம். புகைப்படம் எடுத்திருந்தால் தொப்பையும் சுருக்கமும் வியர்வையும் காட்டிக்கொடுத்திருக்கும். துணி நிஜம், உடல் கற்பனை. ஆண்களின் உடைப் பண்பாட்டைப் பற்றி இன்று எழுதுபவர்கள் 1930-களின் பொற்காலம் என்று ஆதாரம் காட்டுவது பெரும்பாலும் இந்த ஓவியங்களைத்தான். ரவிவர்மாவின் நாட்காட்டிப் படங்களைக் காட்டி அந்தக் காலத்துப் பெண்கள் எல்லோரும் இப்படித்தான் இருந்தார்கள் என்று சொல்வதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை.

இன்னொரு சிக்கலும் இதழுக்கு இருந்தது. துணிமணி, வீட்டு அலங்காரம், சமையல் ஆகியவற்றில் நாட்டம் கொள்வது பெண்களின் குணம் என்று கருதப்பட்ட சமூகத்தில், ஆண்களிடம் இவற்றை எப்படி விற்பது? இதை விரிவாக ஆராய்ந்தவர் கெனான் பிரீசீல். 1994-இல் வெளிவந்த அவருடைய கட்டுரை, எஸ்கொயர் ஆணை நுகர்வோனாக மாற்றிய விதத்தைக் காட்டுகிறது. கழுத்துப்பட்டை விளம்பரத்துக்குப் பக்கத்தில் அரைகுறை ஆடைப் பெண்ணின் ஓவியம் இருந்தால், அதைப் புரட்டுபவனின் ஆண்மையை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். ஜார்ஜ் பெட்டியும் 1940 முதல் ஆல்பர்ட்டோ வர்காஸும் வரைந்த பெண்கள் இந்த வேலையைச் செய்தார்கள். ஹெமிங்வேயும் ஒரு வகையில் இதே வேலையைத்தான் செய்தார். முதல் இதழிலேயே கியூபாவில் மார்லின் மீன் பிடித்த அனுபவத்தை எழுதினார். கடலில் ராட்சத மீனோடு மல்லுக்கட்டும் எழுத்தாளர் இருக்கும் இதழில் காலுறையின் நிறத்தைப் பற்றி நான்கு பத்தி படிப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஹெமிங்வேக்கும் இதில் நட்டமில்லை. தமது ‘பிலார்’ படகை வாங்கும்போது கிங்ரிச் கொடுத்த முன்பணம் அவருக்குக் கைகொடுத்தது.

ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் கதை வேறு மாதிரி. 1920-களின் ஆடம்பரத்துக்கு இலக்கிய முகம் கொடுத்தவர் அவர். ஒரு சிறுகதைக்கு ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ 4,000 டாலர் வரை அவருக்குக் கொடுத்திருக்கிறது. 1936-இல் குடியும் கடனும் அவரை முறித்திருந்தன. மனைவி மனநல மருத்துவமனையில் இருந்தார். அப்போது எஸ்கொயருக்காக, தான் உடைந்துபோனதைப் பற்றியே பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மூன்று கட்டுரைகள் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் கிடைத்தது 250 டாலர். மேல்தட்டுக் கோட்டுகளையும் விஸ்கிப் புட்டிகளையும் விளம்பரம் செய்த அதே தாளில், அந்த வாழ்க்கையை வாழ்ந்து பார்த்த ஒருவர் தன் சிதைவை எழுதினார். அதே ஆண்டு ஆகஸ்ட் இதழில் ஹெமிங்வேயின் ‘கிளிமஞ்சாரோவின் பனி’ வந்தது. பணக்காரர்களைப் பார்த்து வாய்பிளந்தவர் என்று ஃபிட்ஸ்ஜெரால்டைப் பெயர் சொல்லியே அதில் குத்தியிருந்தார்; நூலாகும்போதுதான் பெயர் மாறியது. 1940 டிசம்பரில் ஃபிட்ஸ்ஜெரால்ட் இறந்த பிறகும், ஹாலிவுட்டில் அல்லாடும் ஒரு நொடிந்த கதாசிரியரைப் பற்றி அவர் எழுதிக்கொடுத்திருந்த கதைகள் எஸ்கொயரில் மாதாமாதம் வந்துகொண்டிருந்தன. அந்தக் கால ஆடம்பரத்தைப் பற்றி அந்த இதழ் வெளியிட்டவற்றில் மிக உண்மையான எழுத்து, என் கணக்கில், விளம்பரங்களுக்கு நடுவே கிடக்கும் இந்தப் பக்கங்கள்தான்.

இதழின் அட்டையில் பிதுங்கிய கண்ணும் பெரிய மீசையுமாக ஒரு கிழவர் வருவார். எஸ்கி என்று பெயர். பணக்கார வெள்ளைக்காரச் சபலத்தின் உருவமான அந்தக் கிழவரை உருவாக்கியவர் இ. சிம்ஸ் கேம்பல், ஆப்பிரிக்க அமெரிக்கர். முதல் இதழ் தொடங்கி அவருடைய வண்ணச் சித்திரங்கள் இல்லாத எஸ்கொயரைப் பார்ப்பது அரிது. நகைச்சுவைத் துணுக்குகளுக்கான யோசனைகளையும் அவரே கட்டுக்கட்டாகக் கொடுத்திருக்கிறார். ஆனால் அந்தப் பக்கங்களில் கறுப்பர்கள் வந்தால் தட்டு ஏந்தி வருவார்கள், பெட்டி தூக்குவார்கள். அந்தச் சித்திரங்களை வரைந்தவர் கறுப்பர் என்பது வாசகர்களில் பலருக்குத் தெரியாது. வர்காஸின் நிலை இன்னொரு விதம். பெருவில் பிறந்த அவருடைய பெயரின் கடைசி எழுத்தை வெட்டி ‘வர்கா’ என்று இதழ் விற்றது. ஒப்பந்தத்தை எதிர்த்து அவர் வழக்குக்குப் போனார். 1947-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் எஸ்கொயர் பக்கம் தீர்ப்புச் சொன்னது: ஓவியங்களும் போயின, ஓவியங்களின் கீழ் தன் பெயர் இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமையும் போனது.

அரசாங்கமும் இதழின்மேல் கண் வைத்திருந்தது. 1943-இல் அஞ்சல் துறைத் தலைவர் ஃபிராங்க் வாக்கர், பொதுநலனுக்கு உதவாத இதழ் என்று காரணம் காட்டி எஸ்கொயருக்கான சலுகைத் தபால் கட்டணத்தை நீக்கினார். அந்தச் சலுகை இல்லாவிட்டால் ஆண்டுக்கு 5 இலட்சம் டாலர் கூடுதல் செலவு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1946-இல் நீதிபதி வில்லியம் டக்ளஸ் எழுதிய ஒருமனதான தீர்ப்பில் இதழ் வென்றது. எது நல்ல இலக்கியம் என்று முடிவு செய்யும் வேலை தபால்காரருக்கு இல்லை என்பதே தீர்ப்பின் சாரம். பெண்ணுடலைக் காட்டிக் கோட்டு விற்ற ஒரு இதழ், அமெரிக்கப் பத்திரிகைச் சுதந்திரத்தின் அடிக்கற்களில் ஒன்றை நட்டுவிட்டுப் போயிருக்கிறது. இந்த இதழ்களை முழுதாகப் புகழவும் முடிவதில்லை, முழுதாகத் தள்ளவும் முடிவதில்லை.

எஸ்கொயரின் சிகாகோ அலுவலகத்தில் விளம்பர வாசகம் எழுதிக்கொண்டிருந்த இளைஞர் ஹியூ ஹெஃப்னர். அலுவலகம் நியூயார்க்குக்கு இடம் மாறியபோது வாரத்துக்கு 5 டாலர் சம்பள உயர்வு கேட்டார், கிடைக்கவில்லை. சிகாகோவிலேயே தங்கிவிட்டார். 1953 டிசம்பரில் ‘பிளேபாய்’ வந்தது. அதில் இருந்த மர்லின் மன்றோவின் படம் 1949-இல் நாட்காட்டிக்காக எடுத்தது. அதற்கு மன்றோ பெற்ற கூலி 50 டாலர். ஹெஃப்னர் அதை நாட்காட்டி அச்சகத்திடமிருந்து 500 டாலருக்கு வாங்கினார். மன்றோவுக்கு இதில் ஒரு காசும் வரவில்லை. அவரைக் கேட்கவும் இல்லை. முதல் இதழ் 50,000 பிரதிகளுக்குமேல் விற்றது. 1972-இல் ஓர் இதழின் விற்பனை 70 இலட்சத்தைத் தாண்டியது.

ஹெஃப்னர் விற்றதும் வீடுதான் என்று சொன்னால் சிலர் சிரிக்கக்கூடும். 1956 செப்டம்பர், அக்டோபர் இதழ்களில் திருமணமாகாத ஆணுக்கான மாடிக் குடியிருப்பு ஒன்றின் வரைபடம் வந்தது. கட்டிலிலிருந்தபடியே விளக்கை அணைக்கலாம், இசையை மாற்றலாம். சமையலறையில் பாத்திரம் கழுவும் கவலை இல்லை. மனைவி, குழந்தை, புறநகர் வீட்டின் புல்தரை என்ற 1950-களின் கடமைகளிலிருந்து ஆண் நழுவ நினைத்த கனவு அது என்று பார்பரா எரன்ரைக் 1983-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அதைப் படித்த ஆண்களில் பெரும்பாலோர் மனைவியும் அடமானக் கடனும் உள்ளவர்கள். வரைபடம் வரைபடமாகவே இருந்தது.

கழிந்துபோன சொகுசுகளில் இன்றைக்கும் அதிகம் ஏங்க வைப்பது பயணம். விமானத்தில் எல்லோரும் கோட்டு சூட்டு அணிந்து, வெள்ளித் தட்டில் சாப்பிட்ட காலம் என்று படங்கள் சுற்றுகின்றன. 1939-இல் பான் அமெரிக்கன் நிறுவனத்தின் போயிங் 314 பறக்கும் படகு அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கியபோது ஒருவழிக் கட்டணம் 375 டாலர், போய்வர 675. அந்தப் பணத்துக்கு ஒரு புதிய ஃபோர்டு காரே வாங்கியிருக்கலாம். ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் இன்னும் விசித்திரம். ஹைட்ரஜன் நிரம்பிய அந்தக் கப்பலில் புகைபிடிப்பதற்கென்று ஓர் அறை இருந்தது. வாயு உள்ளே கசியாமலிருக்க அறையின் காற்றழுத்தத்தைச் சற்றுக் கூட்டி, இரட்டைக் கதவு போட்டிருந்தார்கள். பயணிகளின் தீப்பெட்டிகளை ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அறைக்குள் ஒரே ஒரு மின்சாரப் பற்றவைப்பான். அதைக் கையாள ஓர் ஊழியர். 1937 மே 6-இல் லேக்ஹர்ஸ்ட்டில் அது எரிந்ததற்கும் இந்த அறைக்கும் தொடர்பில்லை. ஆனாலும் ஏறத்தாழ 70 இலட்சம் கன அடி எரிவாயுவுக்குக் கீழே உட்கார்ந்து சுருட்டுப் பிடித்தாக வேண்டும் என்ற பிடிவாதத்தில் அந்தக் காலத்தின் குணம் முழுதும் இருக்கிறது. 1952-இல் அட்லாண்டிக் விமானங்களில் மலிவுக் கட்டண வகுப்பு வந்த பிறகே சாமானியர் பறக்கத் தொடங்கினார். ஏங்குபவர்கள் தங்களை எப்போதும் முதல் வகுப்பில்தான் உட்கார வைத்துக்கொள்கிறார்கள்.

அமெரிக்கர் அல்லாதவர்களும் இந்த ஏக்கத்தில் பங்கு கேட்டார்கள் என்பதற்கு ஜப்பான் சாட்சி. கென்சுகே இஷிசு தமது ‘வான்’ உடை நிறுவனத்தின் வழியாகவும் ‘மென்ஸ் கிளப்’ இதழின் வழியாகவும் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களின் உடையை ஜப்பானிய இளைஞர்களுக்கு அறிமுகப்படுத்தினார். 1964 செப்டம்பரில், ஒலிம்பிக் தொடங்கச் சில வாரங்களே இருக்கையில், டோக்கியோவின் கின்சா வீதியில் அப்படி உடுத்தித் திரிந்த இளைஞர்களைப் போலீசார் வளைத்துப் பிடித்தார்கள். குற்றம் வேறொன்றுமில்லை, பொத்தான் வைத்த காலர் சட்டையும் குட்டையான கால்சட்டையும்தான். அடுத்த ஆண்டு புகைப்படக்காரர் ஹயாஷிதா அமெரிக்கா போய் எடுத்த படங்கள் ‘டேக் ஐவி’ என்ற நூலாயின. அமெரிக்காவில் அந்த உடை வழக்கொழிந்த பிறகும் ஜப்பானியர் அதைத் தையல் தையலாகக் காப்பாற்றினார்கள். 2010-இல் அந்த நூல் ஆங்கிலத்தில் வந்தபோது, தங்கள் பாட்டன்மார் எப்படி உடுத்தினார்கள் என்பதை அமெரிக்க இளைஞர்கள் ஒரு ஜப்பானிய நூலைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

இந்தப் படங்களில் நமக்கும் ஒரு நூலிழை உண்டு. அமெரிக்க மேல்தட்டினரின் கோடைக்கால அடையாளம், மெட்ராஸ் என்றே அழைக்கப்படும் பருத்திக் கட்டம் போட்ட துணி. நம் ஊரில் லுங்கிக்கும் கைக்குட்டைக்கும் நெய்த அதே வகைக் கைத்தறிக் கட்டம். மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அது ‘ரியல் மெட்ராஸ்’ கைக்குட்டை என்று கப்பல் ஏறியது; அமெரிக்காவில் சட்டையும் கோட்டுமாக மாறியது. 1958-இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற இறக்குமதியாளர், கண்ணூரைச் சேர்ந்த கிருஷ்ணன் நாயரிடம் வாங்கிய 10,000 கெஜத்தைப் புகழ்பெற்ற ப்ரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு விற்றார். பின்னாளில் லீலா ஓட்டல்களைத் தொடங்கிய அதே கிருஷ்ணன் நாயர்தான். இயற்கைச் சாயம், குளிர்ந்த நீரில் தனியாகத் துவைக்க வேண்டும் என்று தாம் எச்சரித்ததாகவும், ஜேக்கப்சன் அதைக் கடைக்குச் சொல்ல மறந்ததாகவும் நாயரே பின்னர் சொல்லியிருக்கிறார். துணி சாயம் போனது. வழக்கு மிரட்டல்கள் வந்தன. பிறகு அந்தக் குறையையே பெருமையாக்கி, ஒவ்வொரு சலவையிலும் நிறம் மாறும் அதிசயத் துணி என்று விளம்பரம் செய்ததும் விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. நம் வீட்டுப் பாட்டி சாயம் போகும் துணியைக் கடைக்காரர் முகத்தில் விட்டெறிந்திருப்பார். அமெரிக்காவில் அது தலைமுறைச் செல்வத்தின் அடையாளமாயிற்று. வெளிறிய மெட்ராஸ் கோட்டு என்றால் பல கோடைகளைக் கடற்கரையில் கழித்த குடும்பம் என்று அர்த்தம். தறியில் உட்கார்ந்திருந்தவர் எந்த இதழின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

ஏக்கம் முழுக்க ஏமாற்று என்று சொல்லிவிட்டால் எழுத்தை என்ன செய்வது? 1965-இன் கடைசி மாதங்களில் எஸ்கொயர் பத்திரிகையாளர் கே டலீஸை லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பியது. பாடகர் ஃபிராங்க் சினாட்ராவைப் பேட்டி எடுக்க வேண்டும். சினாட்ராவுக்கு ஜலதோஷம், பேச மறுத்துவிட்டார். டலீஸ் திரும்பவில்லை. சினாட்ராவைச் சுற்றியிருந்தவர்களையெல்லாம் தேடித்தேடிப் பேசினார், தூரத்தில் நின்று கவனித்தார். செலவு 5,000 டாலரை நெருங்கியது என்பது பத்திரிகை உலகில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. 1966 ஏப்ரலில் வெளிவந்த கட்டுரையை இன்றும் இதழியல் வகுப்புகளில் வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். டலீஸ் கலாப்ரியாவிலிருந்து குடியேறிய ஒரு தையல்காரரின் மகன். சலவையிலிருந்து வரும் சட்டைக்குள் மடிப்புக் கலையாமலிருக்க வைக்கும் அட்டை இருக்கிறதே, அதைச் சட்டைப்பைக்குள் அடங்குகிற அளவுக்கு வெட்டி அதில்தான் குறிப்பெடுப்பார். துணிக்கடை மேசையில் பிறந்த இதழின் மிகச் சிறந்த கட்டுரை சட்டை அட்டையில் எழுதப்பட்டது எனக்கு மிகவும் பிடித்த தகவல்.

அந்த 5,000 டாலரைக் கொடுத்தது எது? விஸ்கி, கார், சிகரெட், கோட்டு விளம்பரங்கள். 1971 தொடக்கத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் சிகரெட் விளம்பரம் தடை செய்யப்பட்டதும் அந்தப் பணம் பத்திரிகைகளுக்குத் திரும்பியது. நல்ல எழுத்துக்கும் அதில் ஒரு பங்கு போனது. இது சங்கடமான கணக்கு. ஒரு நுரையீரலும் ஒரு நல்ல பத்தியும் ஒரே கல்லாவில் விற்கப்பட்டிருக்கின்றன. அந்த விளம்பரங்கள் காட்டிய சொகுசுகள் இன்றும் பணம் கொடுத்தால் கிடைக்கும். மெட்ராஸ் கோட்டும் கிடைக்கும், கிழக்கத்திய விரைவு ரயிலின் பழைய பெட்டியில் பயணமும் கிடைக்கும். பேச மறுக்கும் ஒருவரைப் பற்றி எழுதுவதற்கு ஓர் எழுத்தாளருக்கு மாதக்கணக்கில் அவகாசமும் செலவுக்குப் பணமும் கொடுக்கிற இதழ் எத்தனை இருக்கிறது?

ஏக்கத்தை விற்கும் தொழில் மட்டும் நன்றாகவே நடக்கிறது. 2008-இல் சிங்கப்பூரில் தொடங்கிய ‘தி ரேக்’ இதழ், 1930-களின் எஸ்கொயர் ஆணை இன்றைய விலையில் மறுபடி உடுத்தி நிறுத்துகிறது. பிளேபாய் 2020-இல் அச்சை நிறுத்தியது. பழைய வாசகர்களில் சிலர் வருந்தினார்கள். அதற்குள் நிறுவனத்தின் வருமானத்தில் பெரும்பங்கு முயல் முத்திரை போட்ட சட்டைகளிலிருந்தும் வாசனைத் திரவியங்களிலிருந்தும் வரத் தொடங்கிவிட்டிருந்தது. அவற்றின் பெரிய சந்தை சீனா. அந்த இதழ் அங்கே ஒருநாளும் சட்டப்படி விற்பனைக்கு வந்ததில்லை.